கிடாரைப் பரணில் போடச் சொன்ன பதினோரு பேருக்கு

 

கொஞ்சம் நீளமான பதிவு. "அருமை டீச்சர்" என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் இப்போதே போட்டுவிட்டுப் போகலாம். சண்டைக்கு வருகிறவர்கள் கடைசிவரை படித்துவிட்டு வாருங்கள்.

போன வாரம் ஸ்டேட்டஸில் நாற்பது விநாடி வீடியோ ஒன்று வைத்திருந்தேன். கிடாரை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நாலு கார்டை நான் மாற்றி மாற்றி வாசித்த வீடியோ. என் மாணவர்கள் நிறையப் பேர் கைதட்டும் படம் அனுப்பியிருந்தீர்கள். சந்தோஷம். சொந்தக்காரர்கள் குரூப்பில் கதை வேறு. "ரிட்டையர் ஆனா பொழுது போகாதுல்ல" என்றார் ஒருவர். அதை விடுங்கள், எனக்குப் பொழுது போகவில்லை என்பது உண்மைதான். இன்னொருவர் எழுதியதைத்தான் என்னால் விட முடியவில்லை. "பிள்ளை படிப்பைக் கெடுத்ததே இந்தக் கிடாருதான். அம்மாச்சியே அதைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா பேத்தி எப்படி உருப்படும்?" அதற்குக் கீழே பதினோரு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தீர்கள். எண்ணினேன். வாத்தியார் புத்தி, எண்ணாமல் இருக்க முடியாது. பெயர் போட மாட்டேன்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். என் பேத்தி இப்போது பிளஸ் டூ. பத்தாவது லீவில் அவளுடைய பெரியப்பா மகன் பழைய கிடார் ஒன்றைக் கொடுத்தான். பிளஸ் ஒன் முழுக்கச் சாயங்காலம் முக்கால் மணி நேரம் அதோடு உட்காருவாள். வகுப்புக்குப் போகவில்லை, தானாகத்தான் கற்றாள். பிளஸ் ஒன் அரையாண்டில் இயற்பியலில் 61 வந்தது. உடனே வீட்டில் பஞ்சாயத்து. ஏப்ரல் மாதம் என் மகள் கிடாரைப் போர்வையில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்து, "அம்மா, இது உங்க பரண்ல கிடக்கட்டும், பரீட்சை முடிஞ்சு பாத்துக்கலாம்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அவள் பஸ் ஏறும்வரை பரணில்தான் இருந்தது.

நான் இறக்கிவிட்டேன். ஏன் இறக்கினேன் என்று சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

பேத்தி கற்றுக்கொண்டிருந்தது பிக்ஸீஸ் என்கிற குழுவின் பாட்டுகளை. அமெரிக்காவில் பாஸ்டன் ஊரில் 1986-இல் சேர்ந்த நாலு பேர். இண்டி ராக் என்பார்கள். பெரிய கம்பெனிகளைப் பிடித்துத் தொங்காமல் சின்னக் கம்பெனிகள் வழியாக ரெக்கார்டு போட்ட கூட்டம். இவர்களுக்கு இங்கிலாந்திலிருந்த ஃபோர் ஏ டி என்ற சின்னக் கம்பெனி. 1988-இல் வந்த 'சர்ஃபர் ரோசா' என்ற ஆல்பத்தில் 'வேர் இஸ் மை மைண்ட்?' என்று ஒரு பாட்டு. 'ஃபைட் கிளப்' படத்தின் கடைசிக் காட்சியில் அதுதான் வரும் என்று என் பழைய மாணவன் ஒருவன் சொன்னான். பெயரைப் பார்த்துவிட்டு "பைத்தியக்காரப் பாட்டு" என்று நம் குரூப்பில் தீர்ப்பு எழுதியாயிற்று. அதை எழுதியவர் கரீபியன் கடலில் மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு மூழ்கியபோது குட்டி மீன் ஒன்று வந்ததை வைத்துப் பிறந்த பாட்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். மீனுக்கும் பைத்தியத்துக்கும் என்ன சம்பந்தமோ.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். அப்போது நான் மகள் வீட்டில் இருந்தேன். அந்தப் பாட்டின் பெரும்பகுதியில் நாலு கார்டுகள்தான் சுற்றிச் சுற்றி வரும். கார்டு என்றால் மூன்று சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பது. ஈ மேஜர், சி ஷார்ப் மைனர், ஜி ஷார்ப் மேஜர், ஏ மேஜர். மூன்றாவதுதான் வில்லங்கம். ஈ மேஜரில் போகிற பாட்டுக்கு அந்த இடத்தில் வழக்கமாக வரவேண்டியது ஜி ஷார்ப் மைனர். இவர்கள் மேஜர் போட்டிருக்கிறார்கள். பேத்திக்கு அது தெரியாது. எங்கோ பார்த்த விதியை நம்பி மைனராகவே மூன்று நாள் வாசித்தாள். விரல் சரி, தாளம் சரி, பாட்டு மட்டும் சப்பென்று இருந்தது.

"அம்மாச்சி, நான் வாசிக்கும்போது அந்த எடத்துல சோகமா விழுது. அவங்க வாசிக்கும்போது அங்கதான் லைட்டு போட்ட மாதிரி இருக்கு" என்றாள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது.

அந்த மூன்று விநாடியைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். நிறுத்துவாள், வாசிப்பாள், தலையை ஆட்டுவாள், மறுபடி கேட்பாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. நாலாவது நாள், ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே நாலாவது கட்டத்தில் படுக்க வைத்தபடியே, அதுவரை சும்மா நின்ற நடுவிரலை மூன்றாம் கம்பியில் ஐந்தாவது கட்டத்தில் அழுத்தினாள். ஒரே ஒரு விரல்தான். "வந்துருச்சு!" என்று கத்தினாள். இந்தத் தடவை எனக்கே கேட்டது.

பிள்ளைகளா, நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்து 34 வருஷம் பாடம் நடத்தியவள். உங்கள் கணக்கு நோட்டுகளை நினைத்துப் பாருங்கள். எழுதி முடித்து வரிசையில் நிற்பீர்கள். நான் சிவப்பு மையில் டிக் போட்டால் சரி, பெருக்கல் குறி போட்டால் தப்பு. நான் போடும்வரை உங்களுக்குத் தெரியாது. போட்ட பிறகும் ஏன் தப்பு என்று தெரியாது, மேசையைவிட்டு நகரும்போது பக்கத்தில் இருப்பவனுக்கு எத்தனை என்றுதான் பார்ப்பீர்கள். 2007-க்குப் பிறகு செயல்வழிக் கற்றல் வந்தது, அட்டைகள் வந்தன, கற்றல் ஏணி வந்தது. பிள்ளை தன் வேகத்தில் ஏறட்டும், தன் தவறைத் தானே காணட்டும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்காக நானும் நிறைய அட்டை வெட்டி ஒட்டியிருக்கிறேன். சில பிள்ளைகளிடம் நடந்தது. பலரிடம் நடக்கவில்லை. அட்டையைத் தூக்கிக்கொண்டு "டீச்சர் சரியா?" என்று என்னிடம்தான் ஓடி வந்தார்கள்.

நான் கொடுக்க முயன்று தோற்றதை என் பேத்தி ஒரு ராக் பாட்டை வைத்துத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் மார்க் போடவில்லை. தப்பு என்று சொல்லவும் ஆளில்லை. விதி ஒன்று சொல்லியது, காது வேறொன்று சொல்லியது. காதை நம்பி, விதியைச் சோதித்து, நாலு நாள் தோற்றுக் கண்டுபிடித்தாள். இதைத்தான் நீங்கள் "படிப்பைக் கெடுக்கிற சமாச்சாரம்" என்று போர்வையில் சுற்றினீர்கள்.

இப்போது மதினி. பாட்டு வகுப்பு எடுக்கிறவர், எனக்கு மூத்தவர், மரியாதையோடுதான் சொல்கிறேன். "சுருதி உண்டா, லயம் உண்டா, வெறும் கத்தல்" என்று எழுதியிருந்தீர்கள். கத்தல் உண்டு மதினி. பாடுகிற பிளாக் ஃப்ரான்சிஸ் சில பாட்டுகளில் நிஜமாகவே தொண்டை கிழியக் கத்துகிறார். எனக்கும் அவை பிடிக்கவில்லை. அடங்கி ஒலித்துத் திடீரென்று வெடிக்கும் இவர்கள் பாணியைத்தான் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் தன் மிகப் பெரிய பாட்டுக்கு எடுக்கப் பார்த்ததாகப் பேட்டியிலேயே ஒப்புக்கொண்டார். அது கிடக்கட்டும். உங்கள் பாஷையிலேயே கேட்கிறேன். ஈ-யை ஷட்ஜமாக வைத்தால் அந்தப் பாட்டு நிற்கும் ஸ்கேல் நம் சங்கராபரணம். பேத்தி தப்பாக வாசித்த மைனர் கார்டின் நடுச் சுரம் பஞ்சமம். சரியான மேஜர் கார்டில் அது அரை சுரம் ஏறிச் சுத்த தைவதம் ஆகிறது. சங்கராபரணத்தில் சுத்த தைவதம் ஏது? இல்லாத சுரம் ஒன்று உள்ளே வந்து போகிற அந்த இடத்தைத்தான் அவள் 'லைட்டு' என்றாள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை அந்நிய சுரத்தைத் தானாகக் காதில் பிடித்தால் அதன் அம்மாவைக் கூப்பிட்டு நீங்களே பெருமையாகச் சொல்வீர்கள். கிடாரில் பிடித்தால் மட்டும் கத்தலா?

"அவனுங்களே காலேஜை விட்டவனுங்க" என்று ஒரு தம்பி இணையத்தில் தேடி எடுத்துப் போட்டிருக்கிறார். உண்மைதான். பாடுகிற பிளாக் ஃப்ரான்சிஸும் கிடார் வாசிக்கிற ஜோயி சான்டியாகோவும் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பை நிறுத்தியவர்கள். ட்ரம்ஸ் வாசிக்கும் டேவிட் லவரிங் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர், அதையும் தேடியிருந்தால் கிடைத்திருக்கும். தம்பிக்கு நான் சொல்ல வருவது இன்னொருவரைப் பற்றி. பேஸ் கிடாருக்கு ஆள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். வந்தவர் ஒரே ஒருவர், கிம் டீல் என்ற பெண். அவர் கிடார் வாசிப்பார், ஆனால் பேஸ் வாசித்ததே இல்லை. கையில் பேஸும் கிடையாது. அக்கா தங்கை இருவரில் இன்னொருத்தியிடமிருந்து பேஸை இரவல் வாங்கிக் கற்றுக்கொண்டார். 'ஜைகான்டிக்' பாட்டைக் கேளுங்கள், முதலில் வருவதே அந்தப் பேஸ்தான். விளம்பரத்தைப் பார்த்து "எனக்கு பேஸில் சர்டிபிகேட் இல்லையே" என்று அவர் வீட்டிலேயே இருந்திருந்தால்?

சர்டிபிகேட் என்றதும் ஞாபகம் வருகிறது. நானும் முறையாகக் கற்கலாமே என்று இங்கே ஒரு கிடார் வகுப்புக்குப் போனேன். "மேடம், பேரனுக்கா பேத்திக்கா?" என்றார் சார். எனக்கு என்றேன். சிரிக்கவில்லை, நல்லவர். "எந்த கிரேடு எக்ஸாம் எழுதணும்?" என்றார். எக்ஸாம் வேண்டாம், இந்தக் குழுவின் இந்த இரண்டு பாட்டு வாசிக்க வேண்டும் என்றேன். "அப்படி எடுக்கிறதில்லை மேடம், சிலபஸ் இருக்கு" என்றார். உருகுவதற்கு ஒரு பாட்டைக் கொண்டுபோனால் சிலபஸைக் காட்டுகிற இடத்தில் எனக்கு என்ன வேலை? 34 வருஷம் நானே சிலபஸாக இருந்தவள்.

அதனால் எனக்கு டீச்சர் பேத்திதான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீடியோ காலில் பதினைந்து நிமிடம், மகள் கடைக்குப் போயிருக்கும் நேரத்தில். இப்போது குட்டு வெளிப்பட்டுவிட்டது, பரவாயில்லை.

என் விரல் கணு மடங்காது. ஆறு கம்பியையும் ஒரே விரலில் அழுத்துவது நடக்கிற காரியம் இல்லை. இரண்டு வாரம் முயன்று அழாத குறை. பேத்திதான் வழி சொன்னாள். "அம்மாச்சி, கேப்போ வாங்குங்க." கிளிப் மாதிரி ஒன்று, கழுத்தில் கடிக்கவிட்டால் அது எல்லாக் கம்பியையும் அழுத்திக்கொள்ளும். நாலாவது கட்டத்தில் மாட்டினால், அந்த நாலு கார்டையும் சி, ஏ மைனர், ஈ, எஃப் என்ற வடிவங்களில் வாசிக்கலாம். ஒலிப்பது அதே கார்டுகள்தான். இதில் எஃப் மட்டும் இன்னும் எனக்கு முனகுகிறது. ஆனால் பாருங்கள், அவள் நடுவிரலில் பிடித்த அந்த 'லைட்டு' எனக்கு ஆள்காட்டி விரலில் வருகிறது. ஈ வடிவத்தில் மூன்றாம் கம்பியின் விரலைத் தூக்கினால் மைனர், வைத்தால் மேஜர். தூக்கி வைத்து, தூக்கி வைத்து, ஒரு சாயங்காலம் முழுக்க அதையே செய்தேன். கீழ் வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

விரல் நுனியெல்லாம் புளியங்கொட்டை மாதிரி காய்த்துவிட்டது. ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக முதல் மாதம் எனக்கு ஐந்து விநாடி ஆனது. அந்த ஐந்து விநாடி உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் புரிந்த ஒன்று உண்டு. வாய்ப்பாடு சொல்லும்போது ஏழு எட்டில் நின்றுவிடுவானே, அவனுடைய ஐந்து விநாடி இதுதான். தெரியும், வரவில்லை. நான் அந்த ஐந்து விநாடியைக் கொடுத்ததில்லை. "அடுத்தவன் சொல்லு" என்று சொல்லிவிடுவேன். அப்படி நான் தாண்டிப் போனவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

அதில் ஒருவனிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்பு, தொண்ணூறுகளின் ஆரம்பம். திருவிழாவில் வாங்கிய மௌத் ஆர்கன் ஒன்றை எப்போதும் டவுசர் பையில் வைத்திருப்பாய். மதிய இடைவேளையில் ஊதுவாய், சில நாள் பாட நேரத்திலும். பிடுங்கி என் மேசை டிராயரில் போட்டேன். "முழுப் பரீட்சை முடிஞ்சு வாங்கிக்கோ" என்றேன். அதே வாக்கியம்தான், என் மகளும் அதைத்தான் என்னிடம் சொன்னாள், என்னிடம் கற்றதாக இருக்கும். பரீட்சை முடிந்தது. நீ கேட்கவில்லை. எனக்கும் ஞாபகம் இல்லை. ஆறாம் வகுப்புக்கு வேறு ஊர் போய்விட்டாய். ஜூன் மாதம் டிராயரைத் திறந்தபோது அது ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. பரீட்சை முடிந்து வாங்கிக்கொள் என்றால் பிள்ளை பரீட்சை முடிந்து வந்து வாங்கிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். அதற்குள் அது வாங்கிக்கொள்ள விரும்பாத பிள்ளையாக ஆகியிருக்கும். நீ எங்கே இருந்தாலும் இன்பாக்ஸில் வா. புதிது வாங்கித் தருகிறேன். திட்ட வேண்டுமென்றாலும் திட்டு.

மார்க்குக்கு வருகிறேன். அதை நான் ஒதுக்கவில்லை, ஒதுக்குகிற வசதி நம் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. கிடார் போன பிறகு வந்த முதல் தேர்வில் இயற்பியல் 61-லிருந்து 64 ஆகியிருக்கிறது. மூன்று மார்க். பரணில் போட்டதற்குக் கிடைத்த கூலி அவ்வளவுதான். அந்த முக்கால் மணி நேரம் இயற்பியலுக்குப் போயிருக்கிறதா என்று மகளிடம் கேட்டேன். "போன்ல எதையோ தள்ளிக்கிட்டு இருக்கா" என்றாள். கிடாரைப் பிடுங்கினீர்கள், போனைப் பிடுங்க உங்களுக்குத் தைரியம் இல்லை, ஏனென்றால் டியூஷன் நோட்ஸ் அதில்தான் வருகிறது.

இரண்டு மணி நேரம் வாசித்தால் நானே திட்டுவேன். பரீட்சைக்கு முந்தின வாரம் அவளே தொட மாட்டாள், அவ்வளவு புத்தி உண்டு. நான் கேட்பது பழைய முக்கால் மணி நேரம்தான். அவளுக்கு இன்னொரு பாட்டு பாக்கி இருக்கிறது, 'ஹியர் கம்ஸ் யுவர் மேன்', 1989-இல் வந்த 'டூலிட்டில்' ஆல்பத்தில். அதை எழுதியபோது பிளாக் ஃப்ரான்சிஸுக்கு ஏறக்குறைய நம் பேத்தி வயதுதான். ஆரம்பத்தில் ஒரு முரட்டுக் கார்டு 'டங்' என்று விழும், பிறகு டி, ஜி, ஏ என்று சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி ஓடும். அந்த முதல் கார்டில் என்னென்ன சுரம் இருக்கிறது என்று ஏப்ரலில் பாதி கண்டுபிடித்து வைத்திருந்தாள். பாதியில்தான் போர்வை வந்தது.

மகளே, இது உனக்கு. நீ கெட்ட அம்மா இல்லை. பயந்த அம்மா. நானும் பயந்த டீச்சராகத்தான் இருந்தேன். கிடாரை இனி என் பரணில் வைக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலை 7.20 பஸ்ஸில் அதோடு வருகிறேன். மாப்பிள்ளை பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி கொண்டுவந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஆட்டோ பிடித்துக்கொள்கிறேன். முதல் கம்பி போன புதன்கிழமை என் கையில் அறுந்துவிட்டது. உங்கள் ஊர்க் கடையில் ஒரு செட் வாங்கி வை, லைட் கேஜ் என்று கேள். கேப்போவை மட்டும் நான் திருப்பி எடுத்து வந்துவிடுவேன். அது என் பென்ஷன் காசில் வாங்கியது. இந்த மாதக் கடைசியில் பழைய கிடார் ஒன்று எனக்குக் கிடைக்கிறது, விற்பவன் என் மாணவன்தான், விலை குறைக்க மாட்டேன் என்கிறான்.